சுவரில் கீறிய பிள்ளையும் கொப்பியை மூடிய தகப்பனும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, கம்பஸில் படித்த காலத்தில் கவிதை எழுதினேன். பத்திரிகைகளில் பத்துப் பன்னிரண்டு வந்தன. வேலை கிடைத்துப் பதினொரு வருடமாகிறது. அதன்பின் ஒரு கவிதையும் எழுதவில்லை. காலையில் மட்டக்களப்புக்கு பஸ், பின்னேரம் திரும்ப பஸ். பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மட்டும் எல்லாரும் ஒருதரம் போனிலிருந்து தலையைத் தூக்குகிறார்கள், இறங்கியதும் குனிந்துவிடுகிறார்கள். இப்படியே நாள் போகிறது. எழுதும் மனநிலை வருவதேயில்லை. ஒரு படைப்பாளியாக வாழ நமது ஊரில் என்ன இருக்கிறது? கொழும்பிலோ சென்னையிலோ இருந்திருந்தால் வேறு ஆளாகியிருப்பேன்.

எனக்குக் கிடைக்காதது ஏழு வயது மகளுக்காவது கிடைக்கட்டும் என்று பார்க்கிறேன். சுவரெல்லாம் கீறிக்கொண்டிருந்தவள். சித்திர வகுப்பில் சேர்த்தேன், போட்டிகளுக்கு அனுப்பினேன். ஒரு போட்டியில் இரண்டாமிடம் எடுத்தாள். இப்போது மூன்று மாதமாகக் கலர்ப் பெட்டியைத் தொடுவதில்லை. கீறச் சொன்னால், “அடுத்த போட்டி எப்ப?” என்று கேட்கிறாள். இவளுடைய படைப்பாற்றலை எப்படி வளர்ப்பது? (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்.)
பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி.

பதில்: தம்பி, முதலில் பிள்ளையின் விஷயத்தைப் பேசுவோம். அதுதான் அவசரம்.

“அடுத்த போட்டி எப்ப?” என்று அவள் கேட்பது சோம்பலால் அல்ல. கீறுவது போட்டிக்காகச் செய்யும் வேலை என்று நீங்கள் அவளுக்குப் படிப்பித்துவிட்டீர்கள். அவள் நன்றாகவே படித்துக்கொண்டாள். போட்டி இல்லாத நாளில் அவள் ஏன் கீற வேண்டும்?

இது என் சொந்த ஊகம் அல்ல. 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் ஒரு பரிசோதனை செய்து வெளியிட்டார்கள். கீறுவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், “கீறினால் ரிபன் ஒட்டிய சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல், கீறி முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு எதுவுமே கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு கிழமை கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் கலர்ப் பேனைகளை மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்துக் கீறிய பிள்ளைகள் மற்றவர்கள் கீறிய நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் கீறினார்கள். சொல்லாமல் கொடுத்த பரிசு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஆசையைக் கெடுத்தது காகிதம் அல்ல, முன்கூட்டிப் பேசிய பேரம். உங்கள் மகளுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

பரிசு வேண்டாம் என்றால் பார்ப்பாரும் வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்ப்பார் கட்டாயம் வேண்டும். இந்த வித்தியாசம் நம்முடைய ஊர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கூத்துப் பழகுகிற ஊர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு வரும். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். யார் யாருக்கு எந்த வேஷம் என்று பாட்டுக் கொப்பி கைமாறும். அதன்பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். பாதி வழியில் சதங்கை அணிதல், கடைசியில் அடுக்குப் பார்த்தல் என்கிற முழு ஒத்திகை, பிறகுதான் விடிய விடிய அரங்கேற்றம். அது முடிந்தால் வீட்டுக்கு வீடு ஆட்டம். இவ்வளவுக்கும் முதலாமிடம் இரண்டாமிடம் என்று ஒன்று கிடையாது. ஊர் முழுதும் கூத்தாடுகிற வட்டக்களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. தாளம் பிசகினால் அடுத்த நாள் கிணற்றடியில் சொல்வார்கள். நன்றாக ஆடியவனை அவன் கிழவனான பிறகும் தருமர் என்றோ வீமன் என்றோ கூப்பிடுவார்கள். நான் பார்த்த களரிகளில் எப்போதும் ஓரத்தில் ஐந்தாறு வயதுப் பொடியன்கள் நின்றார்கள். அவர்களை யாரும் வகுப்பில் சேர்க்கவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தில் போடுகிற தாளக்கட்டை அவர்களுடைய கால் மண்ணில் போட்டுக்கொண்டிருக்கும். “கவனம், அடி பிழைக்குது” என்று அண்ணாவியார் திரும்பி ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பொடியன் அன்று இரவு நித்திரை கொள்ளமாட்டான்.

அந்தப் பொடியனுக்கு முன்னால் பெரியவர்கள் தாங்களே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பகலெல்லாம் வயலில் நின்றவர், கடலுக்குப் போய் வந்தவர் இரவில் சதங்கை கட்டினார். “எனக்குக் கிடைக்கவில்லை, நீயாவது ஆடு” என்று சொல்லிவிட்டு அவர் திண்ணையில் சாய்ந்திருந்தால் கூத்து என்றோ முடிந்திருக்கும். உங்கள் வீட்டில் மகள் கீறுகிறாள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்ப்பதுகூட இல்லை, மேற்பார்வை செய்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் முதுகில் உங்கள் எழுதாத பதினொரு வருடத்தையும் ஏற்றியிருக்கிறீர்கள். இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன். தயவுசெய்து அதை இறக்கிவிடுங்கள்.

கடிதத்தில் இன்னொன்றையும் கண்டேன். நான்கு பக்கத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்களுக்கு நேரம் இல்லை என்கிறீர்கள். காலை பஸ்ஸுக்கு உங்களையும் பாடசாலைக்குப் பிள்ளையையும் ஆயத்தப்படுத்தி அனுப்புகிறவருக்கு நேரம் இருக்கிறதா? அவரும் ஒரு காலம் பாடியிருக்கலாம், பன்புல்லில் பாய் பின்னியிருக்கலாம், கொப்பியில் ஏதும் எழுதி ஒளித்து வைத்திருக்கலாம். இன்றைக்கே கேளுங்கள்.

இனி, நமது ஊரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. இதை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை பஸ்ஸில் தெற்கே போங்கள். கல்லாறு தாண்டினால் பெரியநீலாவணை. நீலாவணன் பிறந்த ஊர். 1931இல் பிறந்து 1975இல் போய்விட்டார், நாற்பத்துமூன்று வயதுதான். பாடசாலை ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே அவ்வளவு கவிதையும் எழுதினார். வயலும் வாடியும் போடியார் வீடும் நம்முடைய பேச்சும் அவர் கைபட்டுக் காவியமாகின. அடுத்தது மருதமுனை. தறியில் உட்கார்ந்து சேலைக் கரைக்குப் பூ எடுக்கிறவர் நூலைக் கணக்குப் பண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் இழை மாறினால் பூ கோணும். அதற்கப்பால் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் பாரதம் முழுதையும் ஊரே நடந்து காட்டித் தீயில் இறங்குகிறது. கல்முனையையும் சாய்ந்தமருதையும் கடந்தால் காரைதீவு. இது ஒரு மணித்தியாலப் பயணம்கூட இல்லை.

கொழும்பு, சென்னை என்று ஏங்குகிறீர்கள். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கூத்தாட வைக்க நினைத்தபோது ஆட்டம் பழக்குவதற்கு ஆளைத் தேடி எங்கே வந்தார்? வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம் வந்தார். அவர்கள் ஆடிய இராவணேசன் கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுருவும் மட்டக்களப்பான்தான்.

மனநிலை வருவதில்லை என்பதற்குக் காரைதீவு மனிதரிடமே பதில் இருக்கிறது. விபுலானந்த அடிகள் 1892இல் அங்கே பிறந்தார். படித்தது விஞ்ஞானம், படிப்பித்தது இரசாயனம். துறவியான பிறகும் ஓய்ந்திருக்கவில்லை. பாடசாலைகளை நடத்தினார், பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார், பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் கிடந்த இசைக் குறிப்புகள் அவரைப் பிடித்துக்கொண்டன. எவர் கையிலும் இல்லாமல் போன யாழ்களின் அளவையும் சுருதியையும் கணக்குப் போட்டுத் திரும்பக் கண்டெடுக்க ஏறக்குறைய 14 ஆண்டுகள் சென்றன. அதை எழுதிய அவருடைய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் கண்ணை மூடினார். அந்தப் பதினான்கு ஆண்டில் எத்தனை நாள் அவருக்கு எழுதும் மனநிலை இருந்திருக்கும்? வேலைக்கும் வேலைக்கும் இடையில் கிடைத்த மணித்தியாலங்களில் செய்தார். நீங்கள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் கடக்கிற கல்லடியில்தான் அவருடைய சமாதி இருக்கிறது. ஒருநாள் இறங்கிப் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள்.

களைப்பு உண்மை என்பது எனக்குத் தெரியும். காசு நெருக்கடியும் உண்மை. யுத்தமும் 2004 கடலும் இந்தக் கரையில் எத்தனை கொப்பிகளைக் கொண்டுபோயின என்றும் அறிவேன். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டேன். கிழமையில் மூன்று இரவு, இருபது நிமிடம். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் நீங்களும் கொப்பியும், மறுபக்கத்தில் மகளும் தாளும். ரியூசன் வாத்தியார் மாதிரி அவள் தாளை எட்டிப் பார்க்காதீர்கள். அவள் உங்களுடையதைப் பார்த்தால் காட்டுங்கள், வெட்டித் திருத்திய இடங்களோடு. வகுப்பையும் போட்டியையும் ஒரு வருடம் நிறுத்துங்கள். அவளாகப் போகக் கேட்டால் பிறகு பார்க்கலாம். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒரு சுவரையாவது அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். தனியே எழுதிச் சலிக்காமல் இருக்க, எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டவும் பிழை சொல்லவும் ஊரில் இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். அண்ணாவியார் இல்லாமல் யாரும் அடி பழகியதில்லை.

பதினொரு வருடம் எழுதவில்லை என்கிறீர்களே, அதுவும் முழு உண்மை இல்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், குறை சொல்லிக்கொண்டு போகிற வேகத்தில், கல்லடிப் பாலத்தில் ஏறும்போது எல்லாரும் போனிலிருந்து ஒருதரம் தலையைத் தூக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியவில்லை. தலையைத் தூக்கியவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? வாவியையா, பக்கத்தில் கிடக்கிற பழைய பாலத்தையா, வேறெதையுமா? பக்கத்து சீட்டில் இருப்பவர் யார்? அந்த வரியை மட்டும் ஒரு தாளில் எழுதித் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் கீழே மிச்சத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழுக்கு மாதம் 20ஆம் திகதிக்குள் வந்தால் போதும்.