வளைவில் சுழலும் ரிமோட் கார்

கேள்வி: பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 1/10 அளவு மின்சார பக்கி வகை ரிமோட் காரை மண் தடத்தில் ஓட்டுகிறேன். வளைவிலிருந்து வெளிவரும்போதெல்லாம் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடுகிறது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, காசு மிச்சம். முன்சக்கரங்கள் திரும்பியிருக்கும்போதே த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டும் விசையை) முழுவதும் இழுத்தால், பக்கவாட்டுப் பிடிமானத்துக்கென்று பின் டயர்களில் எதுவும் மிஞ்சாமல் வண்டியின் பின்பகுதி வழுக்கிவிடும். ஆகவே வளைவுக்கு முன்பே விரலைத் தளர்த்தி, எடை முன்பக்கம் சாயும் அந்த நொடியில் திருப்பி, பிறகு ஸ்டீயரிங் நேராகும் அளவுக்கேற்ப த்ராட்டிலைக் கூட்டுங்கள்.

கன்ட்ரோலரில், முதலில் சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) முட்டி நின்று முனகாதபடி இருபக்கத் திருப்ப எல்லைகளைச் சரிசெய்யுங்கள். அடுத்தது எக்ஸ்போ என்ற அமைப்பு. இது முழுத் திருப்பத்தைக் குறைக்காது. ஸ்டீயரிங் நடுநிலைக்கு அருகில் இருக்கும்போது வரும் துடிப்பை மட்டும் மென்மையாக்கும். முழுத் திருப்பத்தையே குறைப்பது டூயல் ரேட். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மென்மைக்குச் சில கன்ட்ரோலர்களில் மைனஸ் எண், சிலவற்றில் பிளஸ் எண் என்பதால், ஸ்டீயரிங்கைக் கால்வாசி திருப்பிச் சக்கரத்தின் அசைவைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே நல்லது. த்ராட்டிலுக்கும் எக்ஸ்போ உண்டு. அளவு மீறினால் தொடக்கத்தில் மந்தமாகவும் கடைசியில் வெடுக்கென்றும் ஆகிவிடும்.

இரண்டு தண்ணீர் பாட்டில்களை 4 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, மோட்டாரின் ஒலி ஏறி இறங்காதபடி எட்டு வடிவில், ஒரு பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பழகுங்கள்.