பெயரில் அகத்தி, ஆட்டுக்கு ஆகாது

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலையோரம், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு புதர்ச்செடி நிற்கிறது. மஞ்சள் பூ, ஆவாரம்பூ போல. ஆனால் இலை ரொம்பப் பெரிது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ‘இது சீமை அகத்தி’ என்றார். அகத்திதானே என்று வெள்ளாட்டுக்கு ஒடித்துப் போடலாமா?
- விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். பெயர் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சீமை அகத்தி, வண்டுகொல்லி என்று இரண்டு பெயரும் இதற்கு உண்டு. ஆனால் நாம் கீரையாகச் சமைக்கிற அகத்தி வேறு, இது வேறு. ஆவாரை, தகரை வகையைச் சேர்ந்த செடி இது. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தாவரப் பெயர் சென்னா அலாட்டா.

ஒருமுறை அருகில் போய்ப் பாருங்கள். பூக்கதிர் மெழுகுவர்த்தி நட்டது போல நிமிர்ந்து நிற்கும். நுனியில் விரியாத மொட்டுகளை ஆரஞ்சு கலந்த மஞ்சள் செதில்கள் மூடியிருக்கும். அகத்திப் பூவோ வெள்ளையாக அல்லது சிவப்பாக, படகு போல வளைந்து தொங்கும். சந்தேகம் தீரக் காயைத் தொட்டுப் பாருங்கள். ஆவாரங்காய் தட்டையாக இருக்கும். இதில் காயின் நீளத்துக்கும் நான்கு இறக்கைகள் விரலில் தட்டுப்படும். அலாட்டா என்றாலே ‘இறக்கை உள்ளது’ என்றுதான் பொருள். பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் மடங்கிக்கொள்ளும்.

இலையில் பேதியைத் தூண்டும் பொருள்கள் இருக்கின்றன. அகத்தி போல வேளைக்கு ஒரு கட்டு போட்டால் ஆடு கழிந்து துவண்டுவிடும். ஏற்கெனவே தின்றிருந்தால் தழையை நிறுத்தி, குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள். கழிச்சல் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், குட்டிகளுக்கு நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும்.

படை என்ற தோல் நோய்க்கு இந்த இலையை அரைத்துத் தோலில் பூசுவது பழைய வழக்கம். அது மேல்பூச்சோடு நிற்கட்டும். வண்டுகொல்லி என்ற பெயரை நம்பிப் பயிருக்குக் கரைசல் தெளிக்கவும் வேண்டாம்.

உங்கள் வாய்க்கால் கரைக்கு இது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் கண்ட இடத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு காயிலேயே ஏறத்தாழ 50 விதை இருக்கும். காய் முற்றிக் கறுப்பதற்குள், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆட்டுக்குத் தழை வேண்டுமென்றால் அந்தக் கரையிலேயே அசல் அகத்தி விதையை ஊன்றுங்கள். வேரில் தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.