எது முதலில் உடைய வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அப்பா ஓட்டிய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை நானே பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் காந்தச் சக்கரமான மேக்னெட்டின் நட்டைத் திருப்பினால் மேக்னெட்டும் சேர்ந்து சுற்றியது. தேய்ந்த அரம் ஒன்றை உளியாகத் தீட்டி நட்டை அடித்துத் திருப்பினேன். நட்டு கழன்றது, உளியின் முனை தெறித்து எங்கோ போய்விட்டது. மேக்னெட்டைக் கழற்றும் புல்லர் கிடைக்காததால் பழைய பிளேட் ஸ்பிரிங்கை வளைத்து இரண்டு கொக்கிகள் கொண்ட புல்லர் ஒன்றை நானே செய்து விளிம்பில் மாட்டி இழுத்தேன். அசையவில்லை. நண்பர் ஒருவரின் பிரிட்டிஷ் வண்டியிலும் கைவைத்திருக்கிறேன். அதன் சில நட்டுகளில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையவில்லை, 14 வழுக்குகிறது.

வீட்டிலேயே கருவிகளைச் செய்துகொள்ள ஒரு சிறிய பட்டறை அமைக்க விரும்புகிறேன். முதலில் வெல்டிங் மெஷின் வாங்குவதா, சிறிய லேத் வாங்குவதா? எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும் காலத்தில் இது வீண் வேலை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

வெல்டிங் மெஷினா லேத்தா என்பதைச் சற்று ஒதுக்கிவைப்போம். உளியின் முனை தெறித்து எங்கோ போய்விட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது எங்கோ போனதால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு கண்களாலும் பார்த்து எழுத உங்களால் முடிந்திருக்கிறது. அப்பாவின் வண்டியைத் தன் கையாலேயே ஓடவைக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளையின் மீது எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடுதான் சொல்கிறேன், நீங்கள் செய்தது முட்டாள்தனம்.

அரம் என்பது மற்ற இரும்பைத் தின்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு சதவீதத்துக்கும் மேல் கார்பன் கலந்த எஃகை நன்றாகச் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கி, அந்தக் கடினத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவைத்திருப்பார்கள். உரசுவதற்கு அதைவிட நல்லது இல்லை. அடி வாங்குவதற்கு அதைவிட மோசமானதும் இல்லை. அரத்தில் உளி செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாகச் சூடேற்றி ஆறவிட்டு, பற்களை முழுவதும் தேய்த்து எடுத்து, வடிவம் கொடுத்து, காந்தம் ஒட்டாத அளவுக்கு முனையை மட்டும் மீண்டும் சூடாக்கித் தோய்த்து, பளபளப்பாகத் தேய்த்த பின் பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்ட வேண்டும். அப்போது இரும்பின் மீது நிறம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, 280 டிகிரி செல்சியஸ் அளவில் ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். உளிக்கு ஊதாவும் நீலமும் சந்திக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். சுத்தியல் படும் தலைப்பக்கத்துக்குப் பதம் ஏற்றவே கூடாது. இவ்வளவையும் செய்யப் பொறுமை இல்லாதவர் உளியைக் கடையில் வாங்கிவிடுவதே நல்லது.

நான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றது ஒரு மூத்த மெக்கானிக்கிடம். அவருடைய பெட்டியில் இருந்தவற்றில் பாதி அவரே செய்தவை. கிளட்ச் ஹப்பைப் பிடித்து நிறுத்த, தேய்ந்துபோன பழைய கிளட்ச் பிளேட்டில் இரும்புப் பட்டை ஒன்றை வெல்டிங் செய்து கைப்பிடியாக்கியிருந்தார். அந்தப் பட்டையின் நடுவே, வேண்டுமென்றே, இரண்டு பக்கமும் அரத்தால் ராவி இடுப்புப் போல ஒடுக்கியிருந்தார். இது பலவீனம் அல்லவா என்று கேட்டேன். "மாட்டிக்கிட்டா எது போகணும்னு நீதான் முடிவு பண்ணணும், இரும்பு முடிவு பண்ணக்கூடாது" என்றார். அவரிடம் நான் எந்தப் புதிய கருவியைச் செய்து கொண்டுபோய்க் காட்டினாலும் அது வேலை செய்யுமா என்று அவர் கேட்டதே கிடையாது. இதில் முதலில் எது போகும் என்பது மட்டும்தான் கேள்வி.

பல நாட்களாக இதைத்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வாகாக வந்து மாட்டியது. வீட்டில் கருவி செய்யும் எல்லோரும் அதை எவ்வளவு உறுதியாகச் செய்யலாம் என்றே யோசிக்கிறார்கள். கருவி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். தயாரிப்பே நின்றுபோன ஒரு வண்டியின் கிராங்க் ஷாஃப்டுக்கு எங்கே போவீர்கள்? ஆகவே பழைய வண்டிக்கான கருவி, அது தொடும் பாகத்தைவிட மென்மையாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அந்தப் பாகத்துக்கு முன்பாக அது விட்டுக்கொடுக்க வேண்டும். என் உளியும் முதலில் உடையத்தானே செய்தது என்று நீங்கள் வாதிடலாம். விட்டுக்கொடுப்பது என்றால் வளைவது, நசுங்குவது, மரை உருள்வது. துண்டு பறந்தால் அதற்குப் பெயர் விபத்து.

அந்த நட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னெட் சுற்றாமல் இருக்க வேண்டுமென்றால் பிஸ்டனை நிறுத்தினால் போதும். பலர் பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதற்குள் மரை போட்டு ஒரு போல்ட்டைத் திருகி, பிஸ்டனை முட்டி நிறுத்தும் கருவி செய்கிறார்கள். அழகான வேலைதான். ஆனால் அலுமினிய பிஸ்டனின் தலையில் ஒரே புள்ளியில் எஃகு முட்டுகிறது. முறுக்கு கூடினால் குழி விழுவது பிஸ்டனில்தான். என் மெக்கானிக் கயிறு வைத்திருந்தார். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் என்னும் துளைகளைப் பிஸ்டன் மூடிக்கொண்டு மேலே ஏறும் நிலையில் நிறுத்தி, விரல் தடிமனுக்குச் சற்றுக் குறைவான மெத்தென்ற கயிற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே செலுத்தி, நுனியை வெளியே விட்டுவிடுவார். நட்டைத் திருப்பும்போது பிஸ்டன் கயிற்றின் மீது அழுந்தி நின்றுவிடும். சுமை தலை முழுவதும் பரவிவிடும். போர்ட் திறந்திருக்கும்போது செலுத்தினால் கயிறு அதற்குள் இறங்கி நறுக்கப்பட்டுவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியானால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் மட்டுமே இதைச் செய்யலாம். இல்லையென்றால் வால்வு வளைந்துவிடும். நான் கண்ட வீட்டுக் கருவிகளிலேயே சிறந்தது அந்தக் கயிறுதான்.

இனி உங்கள் புல்லர். அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை நம்புகிறேன். அதன் குற்றமே அதுதான். பிளேட் ஸ்பிரிங் வளையாது. ஆகவே வளைவது மேக்னெட்டின் விளிம்பு. பல மேக்னெட்டுகளில் விளிம்பும் நடுப்பகுதியும் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. விளிம்பைப் பிடித்து இழுத்தால் ரிவெட் தளரும், சக்கரம் கோணும். அசையவில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள்; அசையாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். மேக்னெட் ஷாஃப்டின் கூம்பு மீது இறுகி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கூம்பின் இறுக்கம்தான். ஷாஃப்டுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவே செருகிய சிறு இரும்புத் துண்டான கீயின் வேலை, தீப்பொறி விழும் டைமிங் பிசகாமல் இடத்தைக் காட்டுவது மட்டுமே. எனவே இழுப்பு நடுவிலிருந்துதான் வர வேண்டும்.

நண்பர்கள் சொல்வதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் வண்டியைப் பிரிக்கவில்லை, நீங்கள் பிரிக்கிறீர்கள்.

பிரிட்டிஷ் வண்டியின் ஸ்பேனர் விஷயம் எளிது. அந்த நட்டுகள் 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை அளவுகளை ஒட்டி வந்தவை. அந்த ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு பழைய 13 ஸ்பேனரை வைஸில் பிடித்து, இரு பக்கமும் சமமாக அரத்தால் ராவி, நட்டைப் போட்டுப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. 14ஐ வைத்து இன்னொரு முறை திருகினால் உங்களை நான் மன்னிக்க மாட்டேன்.

வீட்டில் செய்யவே கூடாதவையும் உண்டு. சஸ்பென்ஷனின் கனத்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியும், ஜாக்கியில் தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டும் அப்படிப்பட்டவை. அங்கே கருவி விட்டுக்கொடுத்தால் போவது நீங்கள். அவற்றை வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மேக்னெட்டின் நடுத்துளையின் உட்புறத்தை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்து விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் புல்லருக்கென்றே அங்கே மரை போட்டிருப்பார்கள். அளவெடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போய், அந்த மரையோடு மென்னிரும்பில் ஓர் உருளையும், அதன் நடுவே திருக 8.8 என்ற வலிமைக் குறியைத் தலையில் பொறித்த ஒரு போல்ட்டும் கேளுங்கள். இந்த ஒரு உருளைக்காக லேத் வாங்க வேண்டியதில்லை. நல்ல வைஸும் நான்கு அரங்களும் இருந்தால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். உருளையின் மரை முழு ஆழத்துக்கும் ஏறியிருக்க வேண்டும். போல்ட்டுக்கும் ஷாஃப்ட் முனைக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டை வையுங்கள். இறுக்கிவிட்டு இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போல்ட் தலையில் சிறு சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் கிராங்க் கோணும், காந்தமும் வலுவிழக்கும்.

கழன்று வந்ததும் கீயைப் பாருங்கள். நட்டை உளியால் அடித்ததில் அது பாதி அறுபட்டுப் படி விழுந்திருக்கக் கூடும். அப்படியென்றால் மாற்றியாக வேண்டும். புதிது கிடைக்காவிட்டால் மென்னிரும்பில் அரத்தால் ராவிச் செய்துகொள்ளலாம். கையில் மிச்சமிருக்கும் பிளேட் ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீர்கள்.