பாரம் தூக்கும் வேலையும் இடுப்பு வலியும்: கேள்வி-பதில்

குடோனில் பெட்டி அடுக்குகிறேன். சொல்லிக் கொடுத்தபடி முட்டியை மடக்கித்தான் தூக்குகிறேன். ஆனாலும் சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்கிறதே?

முட்டியை மடக்குவது சரி. பெட்டி எங்கே இருக்கிறது? பலர் அழகாகக் குந்திவிட்டு, பெட்டியை முட்டிக்கு முன்னால் கை நீட்டிப் பிடித்துத் தூக்குவார்கள். கோளாறு அங்கேதான். முதுகுத் தசை, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்கிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. 10 கிலோ பெட்டி 50 செ.மீ. முன்னால் இருந்தால், தூரம் பத்து மடங்கு என்பதால், அதைத் தாங்க மட்டுமே தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். முன்னால் குனிந்த உங்கள் உடம்பின் எடை தனிக் கணக்கு. அதே பெட்டியை 25 செ.மீ.க்கு இழுத்துக்கொண்டால் 100 என்பது 50 ஆகிவிடும்.

எனவே பெட்டியின் இரு பக்கமும் காலை அகட்டி வைத்து, ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். பெட்டியை வயிற்றோடு அணைத்த பிறகு எழுங்கள். சட்டை அழுக்காகும், ஆகட்டும். தொடைகளுக்கு நடுவே வராத அகலப் பெட்டியா? அதற்கு டிராலிதான்.

ஒரு ஆள் எத்தனை கிலோ தூக்கலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) அமைப்பு 1991-இல் திருத்திய கணக்கு 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால்தான். பாரம் தரையில் கிடந்தால், உடம்பைத் திருப்ப நேர்ந்தால், அடிக்கடி தூக்கினால் அந்த எண் மளமளவென்று இறங்கும். எடையைக் குறைக்க முடியாவிட்டால் உயரத்தையாவது மாற்றுங்கள். சரக்கு அடுக்கும் மரப் பலகைகள் (பேலட்) இரண்டைக் காலியாக அடியில் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தாலே குனிவது கணிசமாகக் குறையும்.

இடுப்பு பெல்ட் கட்டினால் போதுமா?

போதாது. அடிபடாதவர்கள் காயத்தைத் தடுக்க பெல்ட் கட்டலாம் என்று பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என 1994-இலேயே நியோஷ் சொல்லிவிட்டது. பெல்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் கூடுதலாகத் தூக்குவதுதான் என் கவலை. மருத்துவர் கட்டச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம்.

மூன்று மணி நேரம் வேன் ஓட்டிவிட்டு, இறங்கிய கையோடு சரக்கு இறக்குகிறேன். தப்பா?

நெடுநேரம் உட்கார்ந்தால் முதுகின் தசைநார்கள் தளர்ந்துபோயிருக்கும். இறங்கியதும் ஐந்து நிமிடம் நடங்கள். ரசீது வேலையை அப்போது முடித்துக்கொள்ளலாம். அப்புறம் லேசான பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டியிலிருந்து எடுத்து அப்படியே இடுப்பை முறுக்கிப் பக்கத்தில் வைக்காதீர்கள். பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

இரண்டு பேர் பிடித்தால் இரண்டு மடங்கு தூக்கலாம்தானே?

இல்லை. இருவரின் பலத்தையும் கூட்டி அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். படியில் இறக்கும்போது கீழே நிற்பவருக்குத்தான் சுமை அதிகம். குரல் கொடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். "மூன்று" என்னும்போதே தூக்குவதா, சொல்லி முடித்த பிறகா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதைப் பேசாமல் விரலை நசுக்கிக்கொண்டவன் நான்!

தூக்கும்போது 'சுளுக்'கென்று பிடித்துக்கொண்டது. படுத்தே இருக்கலாமா?

நாள் கணக்கில் படுக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடினால் சீக்கிரம் தேறும். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளின் உட்புறமோ ஆசனவாயைச் சுற்றியோ மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.