ஆர்சனிக் 7: ஃபெடரல் கணக்கில் பாஸ், நியூ ஜெர்சியில் ஃபெயில்?

உங்கள் கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம், முதல் லேப் 'சரி' என்றது, நியூ ஜெர்சி கணக்கில் ஃபெயில்; ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின் வரம்பைவிடக் கடுமையாக ஒரு மாநிலம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், தடையே இல்லை. 1974-இல் வந்த குடிநீர்ச் சட்டம் மாநிலங்களிடம் கேட்பது ஃபெடரல் வரம்பைவிடத் தளர்த்தாதே என்பதை மட்டும்தான், இறுக்கிக்கொள்வது அவர்கள் இஷ்டம். ஆர்சனிக்குக்கு ஃபெடரல் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், நியூ ஜெர்சியில் 2006 முதல் 5. உங்கள் 7 மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான்.

முதல் லேப் 'சரி' என்று எழுதியதற்கு, ஃபெடரல் எண்ணோடு ஒப்பிட்டது காரணமாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் வரம்பு என்ற கட்டத்தில் இருப்பது 10-ஆ 5-ஆ பாருங்கள், அப்படியே அலகையும் பாருங்கள், மில்லிகிராமில் போட்டிருந்தால் 0.007 என்று பரம சாதுவாகத் தெரியும்.

உங்களுடையது சொந்தக் கிணறு என்பதால் ஃபெடரல் வரம்பு அதற்குச் செல்லவே செல்லாது. வீடு விற்கும்போது சோதிக்கச் சொல்வது மாநிலச் சட்டம். ஃபெயில் ஆனாலும் விற்பனை நிற்காது, வாங்குபவரும் விற்பவரும் முடிவைப் படித்ததாக எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையே எல்லாத் துறைக்கும் பொருத்திவிடாதீர்கள். புதுக் கார்களின் புகை விதியைச் சொந்தமாக எழுத கலிஃபோர்னியாவுக்கு மட்டும்தான் வழி உண்டு, அதுவும் ஃபெடரல் அரசிடம் விலக்கு வாங்கித்தான்.

அப்புறம், கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.