ஆன்லைன் வியாபாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: போர்வைக் கடை வைத்திருக்கிறோம். நெட், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் ஆன்லைனில் இறங்கியவர்கள் சில மாதங்களிலேயே விட்டுவிட்டார்கள். வசதி இருந்தும் ஏன் நிலைக்க முடிவதில்லை?
- வாசகர், சென்னிமலை

பதில்: நெட்டும் கம்ப்யூட்டரும் இருந்தால் கடை திறக்கலாம், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் 150 நிறுவனங்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஆன்லைனில் இறங்குவதற்கு முதலில் கைகொடுப்பது நிறுவனத்துக்குள் இருக்கும் தயார்நிலை. இறங்கியபின் ஊன்றி நிற்பதற்கு வெளிச்சூழலும் முதலாளியின் ஈடுபாடும் சேர்ந்து வேண்டும் என்று அது சொல்கிறது. நம் ஊர்க் கடைகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

உள்ளே கவனிக்க வேண்டியது ஸ்டாக். கல்லாவில் விற்றுப்போன போர்வை ஆன்லைனில் இன்னும் 'இருப்பு உண்டு' என்று காட்டும். ஆர்டர் வந்ததும் ரத்து செய்வீர்கள். நாலைந்து முறை இப்படி நடந்தால் நீங்கள் விற்கும் தளம், தேடல் பட்டியலில் உங்கள் கடையைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும். ஆன்லைனுக்கென்று ஒரு அலமாரி ஒதுக்குங்கள். அதில் இருப்பதை மட்டும் பட்டியலில் ஏற்றுங்கள்.

வெளியே கடிப்பது கூரியர். எடையோடு பெட்டியின் அளவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பதுதான் பரவலான கணக்கு. 1.2 கிலோ போர்வையை 40 × 30 × 15 பெட்டியில் வைத்தால் அது 3.6 கிலோ ஆகிவிடும். அதையே இறுக்கி மடித்து, காற்றை வெளியேற்றி, 35 × 28 × 5 அளவுள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டால் 0.98தான்; 1.2 கிலோவுக்குப் பணம் கட்டினால் போதும். தராசில் வைத்த பார்சலையும் லேபிளையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எடைத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

கேஷ் ஆன் டெலிவரி இல்லாமல் புது வாடிக்கையாளர் வரமாட்டார், உண்மைதான். ஆனால் ஒரு போர்வையில் லாபம் 120 ரூபாய், போக வர கூரியர் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், திரும்பி வரும் ஒரு பார்சல் ஒன்றேகால் விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடும். அனுப்பும் முன் போன் செய்து முகவரியை உறுதிசெய்யுங்கள். இரண்டு முறை போனை எடுக்காதவருக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: ஜிஎஸ்டி எண் இல்லாமல் ஆன்லைன் தளங்களில் விற்க முடியுமா?
- வாசகி, கரூர்

பதில்: முடியும், நிபந்தனைகளோடு. முன்பு ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளை வெளியே நிறுத்திய பெரிய சுவர் அது. 1 அக்டோபர் 2023 முதல் அது தளர்ந்தது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடை விற்பனையும் இதில் சேரும். மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். ஜிஎஸ்டி போர்ட்டலில் பான் எண்ணைக் கொடுத்துச் சேர்க்கை எண் வாங்கிய பிறகே விற்பனையைத் தொடங்க வேண்டும். பெங்களூருக்கு ஒரு பார்சல் போக வேண்டும் என்றாலும் முழுப் பதிவு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கென்யாவில் மொபைல் பணம் வெற்றி பெற்றது எப்படி? ஆன்லைன் வணிகமும் அங்கே அதேபோல் வளர்ந்ததா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற மொபைல் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவைக்கு ஸ்மார்ட்போனும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். சாதாரண போனில் சிம் மெனு வழியாகவே பணம் போகும். தெருமுனைக் கடைக்காரரே ஏஜென்ட். நோட்டைக் கொடுத்தால் கணக்கில் ஏற்றுவார், கேட்டால் திருப்பித் தருவார். பணம் கையில் வரும் என்ற நம்பிக்கையை அந்த ஏஜென்ட்கள்தான் உண்டாக்கினார்கள். ஆனால் பணம் செலுத்தும் வழி திறந்ததும் டெலிவரிச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பல பகுதிகளில் தெருப்பெயரும் கதவு எண்ணும் கிடையாது. அடையாளம் சொல்லித்தான் வழிகாட்ட வேண்டும். அதனால் ஜூமியா போன்ற தளங்கள் வாடிக்கையாளரே வந்து பொருளை எடுத்துச்செல்லும் மையங்களை வைத்திருக்கின்றன. தடைகள் இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும். ஒன்றை நீக்கினால்தான் அடுத்தது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: யுபிஐயில் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் பொருளைக் கொடுக்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகளே இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகு பார்சலை ஒட்டுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை; போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். போனை வைத்துவிடுங்கள்.