ஓ.டி.யில் வாங்கும் பட்டேக் கடிகாரம் முதலீடு ஆகுமா?

கேள்வி: வயது 44. கோவையில் வால்வு உதிரிபாக யூனிட் நடத்துகிறேன். ஓ.டி. (வங்கி தரும் ஓவர்டிராஃப்ட் கடன்) லிமிட் 80 லட்சம். அதிலிருந்து எடுத்து மூன்று வருடத்துக்கு முன் 31 லட்சத்துக்கு மூன்று ஸ்விஸ் கடிகாரங்கள் வாங்கினேன். இன்று 37 லட்சம் போகும் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஒரு பட்டேக் ஃபிலிப் 3940, மஞ்சள் தங்கம், 46 லட்சத்துக்குப் பேசி முடித்து, என் பேரில் 2 லட்சம் முன்பணமும் கட்டிவிட்டார். பெட்டி இருக்கிறது, பேப்பர் (கம்பெனி சான்றிதழ்) இல்லை. வீடியோ காலில் பட்டையையும் பெட்டியையும் காட்டினார். கையில் கட்டிக்கொண்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். வீட்டுப் பத்திரத்தையும் வைத்தால் லிமிட்டை ஒன்றேகால் கோடி ஆக்கித் தர வங்கி தயார். மனைவி பயப்படுகிறார். முதலீடாகப் பார்த்தால் சரிதானே? கடிகாரத்தில் துண்டு துண்டாகப் பங்கு விற்கும் ஆப்களில் பணம் போடலாமா?

பதில்: 3940 எப்படிப்பட்ட கடிகாரம் என்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1985இல் வந்தது, 36 மில்லிமீட்டர், உள்ளே 240 க்யூ மெஷின். தேதி, மாதம் மட்டுமல்ல, லீப் வருடத்தையும் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். 2100 பிப்ரவரி முடியும்போதுதான் கையால் திருத்த வேண்டும். கடிகாரத்தை விடுங்கள். உங்கள் ஓ.டி. ஸ்டேட்மெண்டைப் பார்ப்போம்.

ஓ.டி. என்பது ஏறி இறங்க வேண்டிய கணக்கு. காஸ்டிங் (வார்ப்பு) வாங்கும்போது ஏறும், பில் பணம் வந்ததும் இறங்கும். உங்கள் கணக்கில் 31 லட்சம் மூன்று வருடமாக இறங்கவே இல்லை. 11 சதவீதம் என்று வைத்தாலும் 31 லட்சம் இன்று 42 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். 37 லட்சம் என்பது கடைக்காரர் வாயில் வரும் விலை. அவர் கமிஷன் பத்து சதவீதம் போனால் உங்கள் கைக்கு 33. ஆக, லாபம் என்று நீங்கள் எழுதியிருப்பது 9 லட்சம் நஷ்டம். வட்டி மாதாமாதம் யூனிட் கணக்கில் கழிந்துபோவதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்த வட்டியைத் தொழில் செலவாகக் காட்டியிருந்தால் ஆடிட்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பணத்தின் வட்டி அதில் சேராது.

இப்போது புதியது. 46 லட்சம், அதே வட்டி, ஐந்து வருடம்: 77 லட்சத்தைத் தாண்டும். இடையில் ஒரு முழு சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து நாலைந்து லட்சம் வையுங்கள். விற்கும்போது பத்து சதவீதம் கமிஷன். 91 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும்; அதாவது ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாக வேண்டும். 2021இல் ஏறிய விலை 2022க்குப் பிறகு எப்படி இறங்கியது என்று சந்தையைப் பார்க்கும் உங்களுக்குத் தெரியும். அந்த ஏற்றமும் பெரும்பாலும் ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் மாடல்களுக்குத்தான் வந்தது.

மச்சானின் பேரத்தில் இன்னும் இரண்டு ஓட்டை. ஒன்று, பேப்பர். பட்டேக் கம்பெனி தன் பதிவேட்டிலிருந்து தரும் ஆவணக் குறிப்பை வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் அது கேஸ் (வெளிக்கூடு) எண், மெஷின் எண், தயாரித்த வருடம், விற்ற தேதி போன்ற, அன்று பதிவான விவரங்களையே சொல்லும். டயல் பிற்பாடு மாற்றப்பட்டதா, கேஸைத் தேய்த்துப் பாலிஷ் போட்டார்களா என்று சொல்லாது. அதற்கு லென்ஸ் வேண்டும். பட்டை மாட்டும் காதுகளில் விளிம்பு கூராக இருக்கிறதா, தங்க முத்திரையின் கோடுகள் வழுக்கையாகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். முத்திரை மழுங்கிய கேஸுக்கு, விவரம் தெரிந்தவர் முழு விலை கொடுக்கமாட்டார்.

காலண்டரையும் ஓட்டிப் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக்கூடாது. மூன்று மணிப் பக்கத்துச் சிறு டயலில் லீப் அல்லாத வருடம், பிப்ரவரி என்றும், தேதியை 28 என்றும் வைத்து, முள்ளை நள்ளிரவு தாண்டி முன்னால் திருப்பினால் மார்ச் 1க்குத் தாவ வேண்டும். காலண்டரைத் திருத்தும் கேஸ் ஓரத்துக் குழிப் பொத்தான்களை அதற்கென்று உள்ள குச்சியால் மட்டும், 24 மணி முள் காலை நேரத்தைக் காட்டும்போதே அழுத்த வேண்டும். இரவில் தேதி மாறத் தொடங்கும்போது நெம்புகோல் பற்களில் மாட்டிக்கொண்டிருக்கும். அப்போது அழுத்தினால் பல் வளையும், சில நேரம் உடையும். மச்சான் வீடியோ காலில் பட்டையையும் பெட்டியையும் காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது.

இரண்டாவது ஓட்டை, “கையில் கட்டிக்கொண்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்” என்பது. அதற்குப் பெயர் கடத்தல். பிடிபட்டால் பறிமுதல், அபராதம். பிடிபடாவிட்டாலும் சுங்க ரசீது இல்லாத கடிகாரத்தை இன்ஷூரன்ஸும் நல்ல கடையும் தொட யோசிக்கும். பிற்பாடு விற்க வழி, ரொக்கத்துக்கு வாங்கும் ஆட்கள்தான். ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதே சட்டப்படி கூடாது. லாக்கரில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கவும் வேண்டாம்: திருட்டோ தீயோ நடந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 6,000 என்றால் 6 லட்சம். 46 லட்சத்துக்கு அது எந்த மூலைக்கு?

கடிகாரத்தில் துண்டு துண்டாகப் பங்கு விற்கும் ஆப்கள் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கடிகாரமும் கையில் இருக்காது, விற்கும் நாளும் உங்கள் கையில் இருக்காது. வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். வங்கியிடம் லிமிட்டை ஏற்ற வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பழைய மூன்று கடிகாரங்களில் பெட்டி, பேப்பர், பில் எல்லாம் சரியாக உள்ள இரண்டை விற்று, வரும் பணத்தை நேரே ஓ.டி.யில் போடுங்கள். மனதுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதை இனி முதலீடு என்று சொல்லாதீர்கள். அதற்குரிய பாக்கியை யூனிட் கணக்கிலிருந்து பிரித்து, உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 40,000 வீதம் கட்டி முடியுங்கள்.

மச்சானிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள். முன்பணம் 2 லட்சம் திரும்பவில்லை என்றால் அதை அவருக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள், உறவு கெட வேண்டாம். 46 லட்சத்துக்கு முதல் வருட வட்டி மட்டுமே 5 லட்சத்துக்கு மேல்.